மே 3 என்று எழுதியிருந்த மூடி

அப்பாவுக்கு உடம்பு மோசம், உடனே வரவும் என்று தந்தி வந்தபோது நான் ஆய்வகத்தில் கடல்சேற்றைச் சல்லடையில் கழுவிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துத் தந்தியில் 'மோசம்' என்று வந்தால் முடிந்துவிட்டது என்றுதான் பொருள். அது எனக்குத் தெரியும். குழாயை மூடினேன். சல்லடையில் தங்கியதைக் கிண்ணத்தில் சேர்த்து, உலர்வதற்கு வைத்து, மேலே சீட்டு ஒட்டினேன். பிறகு விடுதிக்குப் போய் எடுத்துப் போக வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதினேன். எதற்கும் பட்டியல் போடுவது என் வழக்கம். அந்தத் தாள் இப்போதும் என்னிடம் இருக்கிறது. வெளிர் நிறச் சேலை இரண்டு, சோப்பு, துண்டு, ஜெபமாலை, மைக்ராஸ்கோப், ஸ்லைடு பெட்டி, நோட்டு, குடை. அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறேன்.

சாவு வீட்டுக்கு மைக்ராஸ்கோப் எதற்கு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆய்வேட்டின் சுருக்கத்தைக் கொடுக்க இரண்டு மாதம் இருந்தது. சில ஸ்லைடுகளை மறுபடி எண்ணிச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பேராசிரியர் மறுப்புச் சொல்லாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

என் வேலையை இப்படிச் சொல்லலாம். கடலின் மேல்தண்ணீரில் மணல் துகளை விடச் சிறிய உயிர்கள் மிதக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பில் ஓர் ஓடு. செத்தால் ஓடு அடித்தரையில் போய் விழும். விழுந்துகொண்டே இருப்பதால் சேற்றில் அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. கப்பலிலிருந்து கனமான குழாய் ஒன்றை இறக்கினால் அது சேற்றுக்குள் புகுந்து, அதை ஒரு தூணாக எடுத்துக்கொண்டு வரும். எங்கள் தூண் அரபிக் கடலிலிருந்து வந்தது. நான்கு மீட்டர் நீளம். தென்மேற்குப் பருவக்காற்று பலமாக அடிக்கும்போது அந்தக் கடலில் ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலேறி வரும். அந்தக் குளிர்ச்சியில் பெருகுகிற ஓடு ஒரு வகை உண்டு. தூணின் எந்த இடத்தில் அந்த வகை மிகுதியோ, அந்தக் காலத்தில் காற்று பலம். எங்கே குறைவோ, அங்கே காற்றும் குறைவு. ஆகவே எண்ண வேண்டும். இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி, ஒரு மாதிரிக்கு முந்நூறு ஓடுகள். மெல்லிய தூரிகையின் நுனியை நனைத்து, ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து, கட்டம் போட்ட கறுப்பு அட்டையில் வைக்க வேண்டும். மூன்று ஆண்டுகளாக இதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மூன்று ஆண்டில் ஒரு விஷயம் கிடைத்தது. காற்று மெதுவாக மாறவில்லை, இரண்டு முறை திடீரென்று பலமாகியிருக்கிறது என்று என் வரைபடம் காட்டியது. தூணின் மூன்றாவது மீட்டரில் கோடு இரண்டு இடத்தில் படிக்கட்டு போல ஏறியது. பேராசிரியர் அந்தப் படிகளை விரலால் தடவிப் பார்த்தார். கருத்தரங்கத்துக்கு எழுதிய சுருக்கத்தில் அவர் பெயருக்கு முன்னால் என் பெயரைப் போட்டார். என் ஆய்வேடு என்பது அந்த இரண்டு படிகள்தான். மற்றதெல்லாம் அவற்றுக்கான முன்னுரை.

இங்கே ஒரு சிறு விவரத்தைச் சொல்லிவிட வேண்டும். நான்கு மீட்டர் தூணை அப்படியே வைக்க முடியாது. கப்பலிலேயே மீட்டர் மீட்டராக அறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் இரு முனையிலும் பிளாஸ்டிக் மூடி போட்டு, எந்தப் பக்கம் மேல் என்று அம்புக்குறி வரைவார்கள். மூன்றாம் துண்டின் அம்புக்குறி எண்ணெய் பட்டு அழிந்திருந்தது. ஒரு முனையில் பழைய மூடி உடைந்து, யாரோ வேறு மூடி போட்டிருந்தார்கள். அந்தப் புது மூடியில் தமிழில் 'மே 3' என்று எழுதியிருந்தது. வேறு மாநிலத்தில் இருந்த எங்கள் ஆய்வகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கப்பலில் தமிழ்நாட்டு மாலுமி யாராவது இருந்திருப்பார் என்று நினைத்தேன். கப்பல் போனது மே மாதம். மே மூன்றாம் தேதி என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது, பேராசிரியரிடமும் அப்படித்தான் படித்துச் சொன்னேன். தேதியை அடிமூடியில் எழுதுவது எங்கள் வழக்கம். ஆகவே அந்த முனை அடி, மற்ற முனை மேல். அப்படி வைத்து ஐம்பது மாதிரிகள் எடுத்தேன். நோட்டில் ஒரு வரி மட்டும் எழுதி வைத்தேன்: மூன்றாம் தேதி கப்பல் இன்னும் புறப்படவில்லை, தேதி பொருந்தவில்லை. அதற்குக் கீழே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

அப்பா ஏற்காட்டுக்கும் மாரமங்கலத்துக்கும் நடுவில் இருக்கும் காபி எஸ்டேட் ஒன்றில் ரைட்டர். ஆட்களைப் பதிவு செய்வது, காடு என்று சொல்லப்படும் தோட்டப் பகுதிகளில் எதில் என்ன வேலை நடந்தது என்று நோட்டில் குறிப்பது, காலையில் மழைமானியைப் பார்த்து அளவெழுதுவது எல்லாம் அவர் வேலை. நான் போய்ச் சேரும்போது மழை பெய்துகொண்டிருந்தது. எனக்காகக் காத்திருந்து, மதியத்துக்கு மேல் கல்லறைக்கு எடுத்துப் போனார்கள். குழியில் தண்ணீர் ஊறியிருந்தது. இரண்டு ஆட்கள் தகர டப்பாவால் இறைத்தார்கள். குழியின் பக்கவாட்டில் மண் எத்தனை நிறமாக இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே கறுப்பு, ஒரு முழம். கீழே சிவப்பு. அதற்கும் கீழே வெளிறிய மஞ்சள், சரளைக்கல்லோடு. ஃபாதர் ஜெபம் சொல்லி முடித்ததும் யாரோ என் கையில் ஒரு பிடி மண்ணைக் கொடுத்தார்கள். போட்டேன்.

அழவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். மாலையில் ஜெபமாலை சொல்ல எஸ்டேட்டுப் பெண்கள் வீட்டுக்கு வருவார்கள். சமையலறையில் அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும்.

"பொண்ணு ஒரு சொட்டுக் கண்ணீர் வுடலியே."

"நொம்பப் படிச்ச புள்ளைங்க அப்புடித்தான். மனசுக்குள்ளயே அழுகும்."

"மனசுக்குள்ள எங்க அழுவுது? சன்னலுக்கிட்ட ஒக்காந்து ரவையை எண்ணிக்கிட்டிருக்குது."

ரவை என்று பெயர் வைத்தது அம்மா. முதல் தடவை ஸ்லைடைக் காட்டியபோது, "கடல்ல போயி எதுக்குக் கண்ணு ரவை எடுக்கறீங்க, கடையில கெடைக்காதா?" என்று கேட்டாள். அது முதல் எங்கள் வீட்டில் அது ரவை.

அடுத்தடுத்த நாட்கள் ஒரே மாதிரி இருந்தன. காலையில் பத்து மணியிலிருந்து பனிமூட்டம் ஏறிவரும் வரை சன்னலோரம் வெளிச்சம் நன்றாக இருக்கும். அப்போது எண்ணுவேன். மூட்டம் வந்ததும் மூடிவைத்துவிட்டுச் சாமான் கட்டுவேன். ரைட்டர் குவார்ட்டர்ஸை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். அம்மா சேலத்தில் சித்தி வீட்டுக்குப் போவதாக முடிவாகியிருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டினேன். அப்பாவின் கண்ணாடி, டார்ச் லைட், மழைக்கோட்டு, ஷேவிங் செட்.

புது ரைட்டர் வந்தது பன்னிரண்டாம் நாள். ஐம்பதை நெருங்கியவர், அடிவாரத்து ஊர்க்காரர். நாங்கள் வீட்டைக் காலி செய்யும் வரை தினமும் காலை பஸ்ஸில் ஏறி வந்து மாலை பஸ்ஸில் இறங்கிப் போவார். மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டியிருப்பார். வந்த மூன்றாம் நாள் அப்பாவின் வேலை நோட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, தொந்தரவு பண்றனுங்களா?"

"இல்லீங்க, உள்ள வாங்க."

"செருப்பெல்லாம் சேறுங்க, இப்புடியே நிக்கறேன். உங்கப்பாவோட நோட்டுங்க. மூணு நாளாப் பாக்கறேன், புடிபட மாட்டீங்குது. எந்தக் காட்டுல என்ன வேலை முடிஞ்சுதுன்னு தெரியாம ஆளுங்கள எங்கன்னு அனுப்பறது? எடத்துக்கெல்லாம் ஒரெழுத்துத்தான் போட்டிருக்காரு. 'பா'ங்கறாரு. 'ஓ'ங்கறாரு. ஓன்னு அழுதாரான்னே தெரியலீங்க."

சொன்ன பிறகுதான் எந்த வீட்டு வாசலில் நிற்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. மஃப்ளரை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க அம்மிணி."

"பரவால்லீங்க. 'பா'ன்னா பாறைக்காடு. 'ஓ'ன்னா ஓடைக்காடு."

"அது சரிங்க. அப்ப இதச் சொல்லுங்க. செப்டம்பர் கடைசி. இங்க பாருங்க, 'மே 3, களை முடிந்தது'. செப்டம்பர்ல எங்கிருந்துங்க மே வந்துது? மே மாசப் பூக்காட்சி பாக்கப் போயிட்டாருங்களா?"

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மே-ன்னு ஆடுதான் கத்தும். அந்த மனுசன் எழுத்தும் அப்புடியேதான்."

"மேல்காடுங்க," என்றேன். "மேல்காடு, மூணாம் நம்பர். 'ல்' போட மாட்டார். அவருக்கு அது போதும்."

"மேலுங்களா," என்றார் அவர். "மே-ன்னா மேலு. நான் ஒருத்தன், மாசத்தப் போயி நெனச்சுக்கிட்டேன்."

மற்ற எழுத்துகளையும் அவருக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுத்து, காடு, எந்தப் பாதையில் போக வேண்டும் என்று மூன்று பத்தியாக. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "படிச்சவங்க படிச்சவங்கதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். நான் வாசலில் நின்றேன். அவர் காபிச் செடிகளுக்கு நடுவில் மறைந்த பிறகும் நின்றேன். மழை தூறத் தொடங்கியது. உள்ளே வந்து சன்னலைச் சாத்தினேன்.

பள்ளிக்கூட நாள் முழுக்க நான் கேட்ட சொல் அது. 'மே மூணுக்குப் போறேன், சாப்பாடு அனுப்பி வை.' 'மே மூணுல மிளகு நல்லா புடிச்சிருக்குது.' அப்பா வாயாலும் அப்படித்தான் சொல்வார், எழுதுவது போலவே. கப்பலில் மூடியை மாற்றிய அந்த மாலுமியும் அப்பா செய்ததைத்தான் செய்திருக்கிறார். மூன்றாம் துண்டு, இது மேல் பக்கம். ஈரக் கையோடு அவசரத்தில் எழுதியிருப்பார். ஆய்வகத்தில் அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் நான். நான் அதைத் தேதியென்று படித்து, மேலை அடியாக்கி, துண்டைத் தலைகீழாக வைத்திருக்கிறேன்.

அன்று மைக்ராஸ்கோப்பைத் திறக்கவில்லை. வெளிச்சம் போய்விட்டது என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றி இன்னொரு பெட்டி கட்டினேன்.

மறுநாள் காலையில் சரிபார்க்க வேண்டியவற்றை எழுதினேன். முதலாவது, இரண்டாம் துண்டின் அடியும் மூன்றாம் துண்டின் இரு முனைகளும். அடுத்தது, மூன்றாம் துண்டின் இரு முனைகளும் நான்காம் துண்டின் மேலும். கடைசியாக, அந்த முறுக்கிய ஓடு. தூணில் அபூர்வமாக வரும் சின்ன ஓடு அது, பின்னல் மாதிரி முறுக்கியிருக்கும். வரும்போதெல்லாம் ஸ்லைடின் மூலைக் கட்டத்தில் தனியாக வைத்திருந்தேன். அது அடியில் நான்காம் துண்டில் இருந்து, பிறகு மறைந்து, மூன்றாம் துண்டின் மேலே மறுபடி தோன்றுகிறது என்று ஒரு வருடம் முன்பே நோட்டில் எழுதியிருந்தேன். 'மறுபடி தோன்றுகிறது' என்பதன் கீழே ஒரு கோடு வேறு.

ஸ்லைடுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மூன்றாம் துண்டின் 'மேல்' என்று நான் எழுதியிருந்த ஸ்லைடும், நான்காம் துண்டின் முதல் ஸ்லைடும் ஒரே கைப்பிடிச் சேற்றிலிருந்து எடுத்தது போல இருந்தன. குளிர் நீர் ஓடு இரண்டிலும் குறைவு. முறுக்கிய ஓடு இரண்டிலும் இருந்தது. ஓடுகளின் பழுப்பு நிறம்கூட ஒன்று. 'அடி' என்று எழுதியிருந்த ஸ்லைடு இரண்டாம் துண்டின் கடைசி ஸ்லைடோடு அதே மாதிரி ஒட்டிப்போனது. துண்டைத் திருப்பிவிட்டால் எதுவும் மறையவில்லை, எதுவும் மறுபடி தோன்றவில்லை. இரண்டு படிகளும் அறுத்த இடங்களில்தான் இருந்தன. படி ஏன் சரியாகத் துண்டு முடிகிற இடத்தில் வருகிறது என்று பேராசிரியர் ஒரு முறை கேட்டிருக்கிறார். ரம்பம் பட்ட ஓரங்களில் மாதிரி எடுப்பதில்லை, கொஞ்சம் சேறு விட்டுப்போகும், அதனால் இன்னும் செங்குத்தாகத் தெரிகிறது என்று பதில் சொன்னேன். நல்ல பதில்தான். அவர் ஒப்புக்கொண்டார்.

புதிய வரைபடம் போடத் தேவையில்லை. தலைக்குள்ளேயே தெரிந்தது. ஒரு சரிவு. நீளமான, சாதாரணமான சரிவு. காற்று மெல்ல மெல்லப் பலமாகியிருக்கிறது. வேறு கடல் சேறுகளில் பலர் பார்த்ததுதான். அதில் நான் கண்டுபிடித்தது என்று எதுவும் இல்லை.

அப்பாவின் குழியைப் பார்த்து நின்ற மாதிரியேதான் இருந்தது. தூரிகையைக் கழுவி, நுனியைச் சரிசெய்து, உறையில் வைத்தேன். மூட்டம் சன்னல் கம்பி வரை வந்துவிட்டது.

மதியம் அம்மா ரசம் ஊற்றும்போது சொன்னேன்.

"அம்மா, நான் செஞ்ச வேலை தப்பாப் போச்சு."

"என்ன தப்பு?"

"ஒரு துண்டைத் தலைகீழாப் படிச்சிட்டேன்."

"அவ்வளவுதானா? திருப்பி வெச்சுப் படி."

"திருப்பி வெச்சா அதுல ஒண்ணுமே இல்ல. மூணு வருசமும் வீணு. பட்டம் இந்த வருசம் கெடைக்காது. கெடைக்குமான்னே தெரியல."

அம்மா கரண்டியை ரசத்துக்குள்ளேயே விட்டுவிட்டு உட்கார்ந்தாள். என்ன துண்டு, எப்படித் தலைகீழ் என்று கேட்கவில்லை.

"யாராச்சும் கண்டுபுடிப்பாங்களா?"

"மாட்டாங்க. அந்த மூடியில இருக்கறது தமிழு. அங்க என்னையத் தவிர யாருக்கும் தெரியாது."

"உங்க சாருக்கு?"

"அவரு வங்காளி."

"அப்பறம் என்ன சாமி. பேசாம இரு. இந்த ஊட்டுக்கு இந்த வருசம் இது போதும்."

அவள் சொன்னது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை. சாப்பிட்டேன். பேசாமல் இருப்பதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று யோசித்தேன். மூடியை எறிந்துவிட வேண்டும். நோட்டில் தேதி பொருந்தவில்லை என்ற வரியை அடிக்க வேண்டும். முறுக்கிய ஓட்டைப் பற்றிய குறிப்பை மாற்ற வேண்டும், அல்லது மூலைக் கட்டங்களைக் காலி செய்ய வேண்டும். வேறு யாராவது அதே இடத்தில் தூண் எடுத்துப் படியைக் காணோம் என்று எழுதினால் ஏதாவது பதில் சொல்ல வேண்டும். நான்கு வேலைகள். முதல் மூன்றும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நான்காவது எப்போது வரும் என்று சொல்ல முடியாது, வாழ்நாள் முழுக்கக் காத்திருக்க வேண்டும்.

இரண்டு நாள் அப்படியே இருந்தேன். பேராசிரியருக்கு ஒரு கடிதம் தொடங்கினேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதோடு நின்றது. நோட்டில் அந்த வரியை அடிக்கப் பேனாவையும் எடுத்தேன். அதையும் செய்யவில்லை.

மூன்றாம் நாள் புது ரைட்டர் மறுபடி வந்தார். இந்த முறை கையில் மழை நோட்டு.

"இதையும் ஒரு பார்வை பாத்துச் சொல்லிருங்க அம்மிணி. காடெல்லாம் இப்பப் புடிபட்டிருச்சு. 'மே 3'க்கு நேத்து நானே போயிட்டு வந்தேன், அட்டை காலப் புடிச்சுக்கிச்சு." சிரித்தார். பிறகு நோட்டை விரித்தார். "உங்கப்பா போன அன்னைலருந்து நான் வந்து எழுத ஆரம்பிச்சது வரைக்கும் வெறுமனே கெடக்குதுங்க. பன்னண்டு நாளு. யாரும் போயி அளக்கல போல."

அப்பாவின் கையெழுத்து ஒரு பக்கத்தின் நடுவில் நின்றிருந்தது. மழையளவு இஞ்சிலும் அதன் நூறில் ஒரு பங்கான சென்டிலும், ஓரத்தில் சின்ன கையெழுத்து. அதற்குக் கீழே பன்னிரண்டு கோடுகள் வெற்றாக இருந்தன. அதற்குக் கீழே புது ரைட்டரின் உருண்டையான எழுத்து.

"மேனேஜர் பாத்தா கேப்பாருங்க. அதுதான், எல்லாத்துக்கும் சைபர் போட்டு முடிச்சரலாம்னு பாக்கறேன். பாக்க நோட்டு சுத்தமா இருக்குமுங்க."

"சைபர் போடாதீங்க," என்றேன்.

"ஏனுங்க?"

"சைபர்னா அன்னிக்கு மழை பேயலன்னு அர்த்தம். பேஞ்சுதுங்க. அப்பாவ எடுத்த அன்னிக்குக் குழியில தண்ணி எறைச்சாங்க. அளக்கலன்னா வெறுமனே விடுங்க. ஓரத்துல 'அளக்கவில்லை'ன்னு எழுதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லை, கொஞ்சம் வேடிக்கையாகத்தான் பார்த்தார். "பன்னண்டு நாளு மழைங்க அம்மிணி. யாருங்க பாக்கப் போறாங்க?"

பேனாவை அவர் பக்கம் நீட்டினேன். அவர் நோட்டை என் மேசை மேல் வைத்து, என் பேனாவையே வாங்கி, பன்னிரண்டு கோட்டுக்கும் சேர்த்து ஓர் அடைப்புக்குறி போட்டு, 'அளக்கவில்லை' என்று எழுதினார். 'ள'வைக் கொஞ்சம் கோணலாக எழுதினார். "போதுமுங்களா?" என்றார். போதும் என்றேன்.

மறுநாள் காலையில் மாரமங்கலத்திலிருந்து வந்த பஸ்ஸைப் பிடித்து ஏற்காட்டுக்குப் போனேன். தபால் ஆபீசில் பேராசிரியருக்கு டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் விடுதிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையைச் சேர்த்திருந்த ஒரு தம்பதி ஊருக்குப் பேசக் காத்திருந்தார்கள். ஒரு காய்கறிக்காரர் மணியார்டருக்காக நின்றிருந்தார். சொல்ல வேண்டியதைத் துண்டுத் தாளில் ஐந்து வரியாக எழுதி வைத்துக்கொண்டேன். மூன்று நிமிடம்தான் கொடுப்பார்கள்.

இணைப்புக் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆனது. கிடைத்தபோது பேராசிரியரின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போலக் கேட்டது. நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசுவோம். முதலில் அப்பாவைப் பற்றிக் கேட்டார். எல்லாம் முடிந்தது என்றேன். பிறகு தாளில் இருந்த முதல் வரியைப் படித்தேன். அவருக்குக் கேட்கவில்லை. சத்தமாகச் சொன்னேன்.

"மூன்றாம் துண்டு சார். டாப்!"

"ஸ்டாப்? எதை நிறுத்த வேண்டும்?"

"ஸ்டாப் இல்லை, டாப்! மே என்றால் மாதம் இல்லை, டாப்! துண்டு தலைகீழாக இருக்கிறது!"

தபால் ஆபீசில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பதியில் கணவர் காய்கறிக்காரரிடம், "யாருக்கோ என்னமோ தலகீழா ஆயிப்போச்சாம்" என்று மெதுவாகச் சொன்னார். அந்தப் பெண்மணி எனக்காகத் தலையை ஆட்டி வருத்தப்பட்டார்.

ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்தேன்.

"இரண்டு படியும்?" என்றார் பேராசிரியர்.

"இரண்டும் சார்."

"சரிபார்த்தாயா?"

"பார்த்தேன். முறுக்கிய ஓடும் ஒத்துப்போகிறது."

"அப்படியானால் நமக்கு இருப்பது ஒரு சரிவு."

"ஆமாம் சார்."

அவர் மூச்சு விடுவது கேட்டது. பிறகு சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாகக் கருத்தரங்கத்துக்குத் தான் இன்றே எழுதிவிடப்போவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு ஏதோ கேட்டார். எனக்குப் பாதிதான் கேட்டது. அந்த மூடி பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. அதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

திரும்பும் பஸ் மாலையில்தான். ஏரிக்கரை வரை நடந்து போய் ஒரு வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கித் தின்றேன். படகுகள் மழைக்காகக் கரையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. பசித்தது, அதனால் இன்னொரு பொட்டலம் வாங்கினேன். வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொன்னேன். "சொல்லிப்புட்டியா?" என்றாள். "சொல்லிட்டேன்." அன்று இரவுச் சாப்பாட்டில் எனக்கு மட்டும் ஒரு முட்டை பொரித்துப் போட்டாள்.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தோம். பெட்டிகளை ஜீப்பில் ஏற்றும்போது, கண்ணாடிச் சாமான் இருந்த பெட்டிகளில் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதினேன். 'மேல்'. புள்ளியோடு, முழுசாக. புது ரைட்டர் ஒரு கை கொடுக்க வந்திருந்தார். அதைப் பார்த்து, "ஒரெழுத்துப் போதாதுங்களா அம்மிணி?" என்றார்.

ஆய்வகத்துக்குத் திரும்பியதும் முதலில் குளிர் அறையில் மூன்றாம் துண்டைத் தேடி எடுத்தேன். மூடி அப்படியே இருந்தது. கறுப்பு மையில், சற்றே இடப்பக்கம் சாய்ந்த 'மே', பக்கத்தில் '3'. எழுதியவர் யார் என்று கப்பல் அலுவலகத்தில் விசாரித்தேன். அந்தப் பயணத்தில் தமிழர் இரண்டு பேர் இருந்தார்களாம், இருவரும் வேறு கப்பலுக்குப் போய்விட்டார்கள். அவரிடம் நீங்கள் சரியாகத்தான் எழுதியிருந்தீர்கள் என்று சொல்ல நினைத்திருந்தேன்.

ஆய்வேட்டுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டு ஆனது. இன்னொரு தூணைத் தொடக்கத்திலிருந்து எண்ணினேன். ஆய்வேட்டில் இருப்பது ஒரு சரிவு. அதை மேற்கோள் காட்டியவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் திருத்தத்துக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. மூன்றாம் துண்டின் ஐம்பது எண்களையும் புதிய தாளில் கடைசியிலிருந்து முதல் வரை திருப்பி எழுத வேண்டும், அவ்வளவுதான் வேலை. மதியம் உட்கார்ந்தேன். எழுதி, ஒரு முறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தேன். நான்கு மணி டீ வருவதற்குள் முடிந்துவிட்டது.